மாமர நிழலில் சைக்ளமென் வளருமா?

குற்றாலத்தை அடுத்த இலஞ்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டின் பின்புறம் மாவும் பலாவும் புளியும் அடர்ந்த தோப்பு. தரையில் வெயில் விழுவதே அரிது. இங்கிலாந்தில் இருக்கும் மகள், அங்கே மரங்களுக்கடியில் வசந்த காலத்தில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடக்கும் சைக்ளமென் என்ற கிழங்குச் செடியின் படங்களை அனுப்பி, அடுத்த முறை ஊருக்கு வரும்போது கிழங்கு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். சென்ற ஆண்டு கொடைக்கானலில் வாங்கிய சைக்ளமென் தொட்டிச் செடியோ மூன்றே வாரத்தில் துவண்டு அழுகிவிட்டது. இவ்வளவு நிழல் இருந்தும் அது ஏன் பிழைக்கவில்லை, தோப்பில் நடுவதற்கு என்ன வழி என்று கேட்கிறார்.

தோப்புத் தரையில் சைக்ளமென் நிலைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தால் அந்த இடத்தில் எதை நடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

மகள் அனுப்பிய படம் பிப்ரவரி, மார்ச்சில் எடுத்ததென்றால் அது பெரும்பாலும் சைக்ளமென் கௌம். ஏப்ரல், மே மாதத்துப் படமென்றால் சைக்ளமென் ரெபாண்டம். முன்னது துருக்கி, காக்கசஸ் பகுதிகளுக்கும், பின்னது இத்தாலி, கோர்சிகா, சார்டீனியா பகுதிகளுக்கும் உரியது. சைக்ளமெனின் தாயகமான மத்தியதரைக் கடலோர நாடுகளில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்யும். கோடை வறண்டு கிடக்கும். ஆகவே இச்செடி மழையோடு இலைவிட்டு, வசந்தத்தில் பூத்து, கோடை முழுவதும் மண்ணுக்குள் கிழங்காக உறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெற்றுச் சித்திரையில் காய்ந்து கிடக்கும் நம் சீமையின் பருவமும் இதே போக்கில் அமைந்திருப்பதால், மழைக்கணக்கை மட்டும் பார்த்தால் பாளையங்கோட்டையில் இது வளர வேண்டும் என்றுகூடத் தோன்றும். தடையாக நிற்பது வெப்பம். இலைவிட்டு வளரும் காலத்தில் 15 டிகிரியை ஒட்டிய குளிர் இதற்குத் தேவைப்படுகிறது. நம் சமவெளியில் மார்கழி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே எளிதில் இறங்குவதில்லை. மரநிழல் வெயிலைத் தடுக்குமே தவிர, இரவைக் குளிரச் செய்யாது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குற்றாலத்து அடிவாரமோ 200 மீட்டரைக்கூட எட்டுவதில்லை.

இலஞ்சிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஆனி, ஆடியில் நீங்கள் ஆவலோடு எதிர்பார்க்கும் சாரல், சைக்ளமென் கிழங்கு உலர்ந்து உறங்க வேண்டிய மாதங்களில் வந்து அதை அழுக வைத்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் தென்காசிப் பக்கத்தை விடப் பாளையங்கோட்டையே மேல்! நிழலிலும் வேறுபாடு இருக்கிறது. தாயகத்தில் இச்செடி பெரும்பாலும் ஓக், பீச் போன்ற இலையுதிர் மரங்களின் அடியில் வளர்வதால், மரம் மொட்டையாக நிற்கும் மாதங்களில் அதன் இலைகளுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கிறது. மாவும் பலாவும் ஆண்டு முழுவதும் இருள் கட்டி நிற்பவை.

சோமாலியாவில்கூட ஒரு சைக்ளமென் இனம் இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். 1986இல் அது கண்டறியப்பட்டது உண்மைதான். ஆனால் அதுவும் அந்நாட்டின் வடபகுதி மலைகளில், ஆயிரம் மீட்டருக்கு மேல் வளர்வதே.

மகள் கிழங்குகளைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டாம். இந்தியாவின் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, நடவுப் பொருள்களுக்கு இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். போதாக்குறைக்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலிலும் சைக்ளமென் இருக்கிறது.

கொடைக்கானலில் வாங்கியது சைக்ளமென் பெர்சிகம் என்ற இனத்தின் தோட்டக்கலை வகையாக இருக்கும். அதன் மேல் ஆசை விடவில்லையென்றால், மார்கழித் தொடக்கத்தில் மொட்டு மிகுந்த செடியாகப் பார்த்து வாங்கி, வடக்குத் திண்ணையில் வையுங்கள். சிறிய மண்தொட்டியைப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் ஈரமணலை நிரப்பினால் வேர் ஓரளவு குளிர்ந்திருக்கும். கிழங்கின் தலையில் தண்ணீர் படவே கூடாது. அடித்தட்டில் ஊற்றி, அரைமணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். சென்ற ஆண்டுச் செடி வெப்பத்தால் துவண்டதைத் தாகம் என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றியிருப்பீர்கள் என்பது என் ஊகம். இங்கே பெரும்பாலான செடிகள் அப்படித்தான் போகின்றன. தை கடந்தும் அது நிற்கும் என்று எதிர்பார்க்காமல், மல்லிகைச் சரம் வாங்குவதைப் போல ஒரு பருவச் செலவாக வைத்துக்கொள்ளுங்கள்.

தோப்புத் தரைக்கு நான் சொல்லக்கூடியது கெம்ப்ஃபீரியா ரோடுண்டா. இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியும் கிழங்காக உறங்கி எழுவதே. பங்குனி, சித்திரையில் இலை வருமுன்பே, வெறும் மண்ணிலிருந்து வெள்ளையும் ஊதாவுமாக மணமுள்ள பூக்கள் எழும். பிறகு வரும் இலையின் மேற்புறத்தில் வெள்ளிக் கோலமும் அடிப்புறத்தில் செவ்வூதா நிறமும் இருப்பதைப் பார்த்தால் சைக்ளமென் இலையே நினைவுக்கு வரும். சாரல் இதற்குத் தீங்கன்று, உணவு. ஆரியங்காவு கணவாய்க்கு அப்பால் உள்ள நாற்றங்கால்களில் விசாரியுங்கள். மலையாளத்தில் செங்கழிநீர்க்கிழங்கு என்பார்கள், நம் குளத்துச் செங்கழுநீரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மாசியில், மாமரத்தின் அடியை விட்டு விலகி, கிளைகளின் ஓரத்தில் காலை வெளிச்சம் எட்டும் இடத்தில், செம்மண்ணோடு மக்கிய இலையும் ஆற்றுமணலும் கலந்து நாலு விரல் உயரத்துக்கு மேடு கட்டி, 5 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். முளை தெரியும்வரை தண்ணீரைக் குறைத்தே விடுங்கள். இடைவெளிகளில் இதே இஞ்சிக் குடும்பத்துக் கச்சோலத்தை நட்டால் அதன் வட்ட இலைகள் தரையோடு படிந்து மண்ணை மூடிக்கொள்ளும். மார்கழியில் இலைகள் மஞ்சளித்துச் சாய்ந்ததும் நீர் விடுவதை நிறுத்தி, கிழங்கு கிடக்கும் இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள்; இல்லையென்றால் தோப்பைக் கொத்த வருபவரின் மண்வெட்டிக்கு அது இரையாகிவிடும். புளிய மரத்தடியை மட்டும் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள், அங்கே இவையும் தேறுவது கடினம்.