கியூபா சுருட்டு அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கினால் எத்தனை வருடம் வைத்திருக்கலாம்?

நண்பர் ஒருவர் வரடேரோ கடற்கரையில் 80 டொலருக்கு ஒரு பெட்டி கோஹிபா (கியூபாவின் விலை கூடிய சுருட்டு வகை) வாங்கி வந்து தந்தார், அது அசல்தானா, வைத்திருந்தால் ருசி கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைப் பாருங்கள். பெட்டியின் மூடி கண்ணாடியா? ஆம் என்றால் மேற்கொண்டு எதையும் பார்க்கத் தேவையில்லை. கோஹிபா கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதே இல்லை.

அப்படி ஒரு பெட்டி என்னிடமும் இருக்கிறது. ரொறொன்ரோவிலிருந்து முதல்தரம் கியூபா போனபோது, ஹவானாவில் கப்பித்தோலியோ கட்டடத்துக்குப் பின்தெருவில் ஒருவர் மிக அன்பாகக் கதை கொடுத்தார். தங்கச்சி சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை, தொழிலாளருக்குப் பங்குச் சுருட்டு கிடைக்கும், இன்றைக்கு மட்டும் மலிவு என்றார். நம்பி வாங்கினேன். இரண்டு தெரு தள்ளி இன்னொருவர் அதே கதையை வரிக்கு வரி சொன்னார். தங்கச்சிக்குப் பதிலாக மாமா, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு வந்து பற்றவைத்தால் நாலு இழுவையில் அணைந்துவிட்டது. பழம் வெட்டும் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். உள்ளே தூளும் துண்டு இலையும், ஈர்க்கு மாதிரித் தடித்த நடுநரம்புகளும். பிறகு கடையில் வாங்கிய பார்த்தகாஸ் என்ற அசல் கியூபா சுருட்டு ஒன்றையும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பிளந்தேன். அதில் அடியிலிருந்து நுனிவரை முழு நீள இலைகள், விசிறி மடிப்பாக ஒன்றோடொன்று படிந்திருந்தன. இடையில் காற்றுப் போக வழி இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் இப்போது மனைவி பொத்தான்கள் போட்டு வைத்திருக்கிறார்.

கண்ணாடி மூடி இல்லையென்றால் சுருட்டை விட்டுவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ‘ஹபானோஸ் எஸ்.ஏ.’ (கியூபா சுருட்டுகளை உலகெங்கும் விற்கும் நிறுவனம்), ‘எச்சோ என் கூபா’ (கியூபாவில் செய்தது), ‘தோதால்மென்தே ஆ மானோ’ (முழுக்கக் கையால் செய்தது) என்று மூன்று வரி பலகையில் பதிந்திருக்கும். பக்கத்தில் மை முத்திரையில் தொழிற்சாலையின் மூன்றெழுத்து இரகசியக் குறியும், பெட்டியில் அடைத்த மாதமும் வருடமும் இருக்கும். மாதம் ஸ்பானிய மொழியில்தான் வரும். ஏப்ரல் என்றால் APR அல்ல, ‘அப்ரில்’லின் முதல் மூன்று எழுத்தான ABR; ஜனவரி என்றால் JAN அல்ல, ‘எனெரோ’விலிருந்து எடுத்த ENE. ஜனவரியை ஆங்கிலத்தில் சுருக்கிப் போட்டிருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம். முன்பக்கம் பச்சை நிற உத்தரவாத முத்திரைத்தாள் ஒட்டியிருக்கும். 2010க்குப் பிறகு வந்ததில் ஹொலோகிராமும் பார்கோடும் உண்டு. அந்த எண்ணை ஹபானோஸ் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் முத்திரைத்தாளை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அதையும் அச்சடிக்கிறார்கள்.

பிறகு மூடியைத் திறந்து மேல் வரிசையைப் பாருங்கள். அசலில் இடப்பக்கம் சற்றுக் கருமையான சுருட்டில் தொடங்கி வலப்பக்கம் வெளிறிக்கொண்டே போகும்; நிறம் பிரிப்பதற்கென்றே தொழிற்சாலையில் ஆட்கள் இருக்கிறார்கள். காகிதப் பட்டிகள் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே முகமாக நிற்கும். வாய் வைக்கும் நுனியில் இலைத்தொப்பி வடிவாகச் சுற்றியிருக்கும். கள்ளப் பெட்டியில் ஒரு பட்டி மேலே, ஒரு பட்டி கீழே.

விலையும் ஒரு சாட்சி. 2022இல் கோஹிபா, திரினிதாத் என்ற இரண்டு வகைகளின் விலையையும் உலகம் முழுக்க ஏற்றிவிட்டார்கள். கோஹிபாவில் 25 சுருட்டுள்ள எஸ்பிளெந்திதோஸ் ரகப் பெட்டி ஒன்று ஆயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டும். 80 டொலருக்கு யார் தருவார்?

என்னைக் கேட்டால் கோஹிபாவே வேண்டாம். பெயருக்குத்தான் பாதிக் காசு, போலியும் அதில்தான் அதிகம். மொன்டேகிறிஸ்டோ நம்பர் 4, பார்த்தகாஸ் செரீ டி நம்பர் 4 போன்றவற்றை ‘லா காசா டெல் ஹபானோ’ என்ற அதிகாரபூர்வச் சுருட்டுக் கடையில் வாங்கி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கனடாவுக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்து திரும்பினால் 50 சுருட்டு வரை தீர்வையில்லை.

சரி, வைத்திருப்பது. எங்கள் அப்பப்பா யாழ்ப்பாணச் சுருட்டைக் கட்டாக வாங்கி முகட்டு வளையில் சொருகி வைப்பார், ஒன்றும் ஆகாது. ஊர்க் காற்றிலேயே ஈரம் இருந்தது. இங்கே குளிர்காலத்தில் ஹீற்றர் போட்ட வீட்டில் ஒரு வாரம் வெளியே கிடந்தால் மேலிலை வெடித்துவிடும். குளிர்சாதனப் பெட்டியும் கூடாது. அது ஈரத்தை உறிஞ்சும், மீன்குழம்பு வாசனையும் ஏறும்.

விலை கூடிய மரப்பெட்டி தேவையில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் 65 சதவீத ஈரப்பதன் பொதி இரண்டு, மலிவான ஈரமானி ஒன்று போதும். ஈரமானியை நம்புமுன் சோதியுங்கள். போத்தல் மூடியில் உப்பைப் போட்டுச் சில துளி தண்ணீர் விட்டுக் களியாக்கி, ஈரமானியோடு சேர்த்து ஒரு பையில் இறுக மூடி ஒரு நாள் விடுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது, அதனால் எப்போதும் ஆறு கூட்டிப் படிக்கிறேன். வெப்பநிலை 18 பாகை அளவில் இருக்கட்டும். வெக்கை கூடினால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரித்துவிடும். குண்டூசி அளவு ஓட்டை தெரிந்தால் அந்தச் சுருட்டைப் பிரித்தெடுத்து, மற்றவற்றைப் பையில் கட்டி மூன்று நாள் ஃபிரீசரில் வைத்து, பிறகு பையோடேயே ஒரு நாள் மட்டும் குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணப் பகுதியில் வைத்து மெதுவாக வெளியே எடுங்கள்.

புதுப் பெட்டியில் சிலவேளை அமோனியா நெடி வரும். இலை இன்னும் புளித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், சில மாதம் விட்டால் போய்விடும். அதற்குமேல் வைப்பது சுருட்டைப் பொறுத்தது. பொலிவார், பார்த்தகாஸ் போன்ற காரமானவை ஐந்து வருடத்தில் நன்றாக அடங்கி இனிமையாகும். மென்மையானவற்றை அவ்வளவு காலம் வைத்தால் வெறும் வைக்கோல் ருசிதான். தூளடைத்த போலியைப் பத்து வருடம் வைத்தாலும் அது பத்து வருடப் பழைய தூள்.

மூடி மரம்தான் என்றால் பெட்டியின் அடிப்பக்கத்தைப் படமெடுத்துக் கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.