ஐ.சி.யூ.விலிருந்து வீடு திரும்பிய பிள்ளை ஏன் ராத்திரியில் அலறுகிறது? வாசகர் கேள்விகள்

ஏழு வயது மகனுக்கு ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் முற்றி, வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. "சுவரெல்லாம் பூச்சி, நர்ஸ் அக்கா என் வாயில பாம்பை விட்டாங்க" என்று ராத்திரியில் அலறுகிறான். அங்கே மயக்கத்தில்தானே இருந்தான்? (குடியாத்தம்)

ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மயக்கம் வேறு, இது வேறு. ஐ.சி.யூ.வில் மிடாசோலம், ஃபென்டனில் போன்ற மருந்துகளை விடாமல் ஏற்றி, பிள்ளையைப் பெரும்பாலும் அரைத்தூக்கத்தில் வைத்திருப்பார்கள். சத்தம் கேட்கும், தொண்டைக் குழாய் உறுத்தும், ஆனால் என்ன நடக்கிறதென்று புரியாது. புரியாததற்கு மூளை தானே ஒரு கதை கட்டிக்கொள்ளும். உங்கள் மகன் பார்த்த பாம்பு, அநேகமாகச் சளி உறிஞ்சும் குழாயாக இருக்கும்.

லண்டனில் நடந்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐ.சி.யூ.வில் இருந்துவந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இப்படி நடக்காத காட்சிகளைச் சொன்னார்கள். அதிர்ச்சியின் அறிகுறிகளும் அவர்களிடம்தான் கூடுதலாக இருந்தன. மருந்தைக் குறை சொல்லாதீர்கள். அது இல்லாவிட்டால் குழாயைப் பிடுங்கியிருப்பான்.

"அப்படி எதுவும் நடக்கல, மறந்துடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் கண்டது அவனுக்கு நிஜம். பகல் வேளையில், மடியில் உட்காரவைத்து, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: "உனக்கு மூச்சு விட முடியல. அதான் வாயில குழாய் வெச்சாங்க. நீ இழுத்துடக் கூடாதுன்னு கையைத் துணியால கட்டினாங்க. நான் உள்ளே வந்தப்போ உன் காலைப் பிடிச்சிட்டு நின்னேன்." டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்து எந்த நாளில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லலாம். அவன் திரும்பத் திரும்பக் கேட்பான். சலிக்காமல் சொல்லுங்கள். படம் வரைந்தால் வரையட்டும்.

வார்டுக்கு மாற்றிய மறுநாளே மகளுக்குக் கை நடுக்கம், வியர்வை, பேதி. எங்களையே அடையாளம் தெரியவில்லை. இதுவும் அந்தப் பயம்தானா? (ஆம்பூர்)

இல்லை. பல நாள் ஏற்றிய மருந்து சட்டென்று குறைந்தால் உடம்பு இப்படிக் காட்டும். மூளைக் குழப்பமாகவும் இருக்கலாம். ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திராமல் டியூட்டி டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று கணவர் கேட்கிறார். (ஆரணி)

மந்திரித்துக் கயிறு கட்டினால் பிள்ளைக்குத் தைரியம் வருமென்றால் நான் தடுக்க மாட்டேன். அடிப்பது, புகை போடுவது கூடவே கூடாது. தூக்க மாத்திரையும் வேண்டாம், அது இந்தப் பயத்தைத் தீர்க்காது. கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர், பள்ளிக்குப் போக மறுப்பது, வெள்ளைக் கோட்டைக் கண்டாலே ஒளிவது எல்லாம் ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால், மனநல நிபுணர் பிள்ளையோடு பேசிப் பேசியே பயத்தைத் தீர்க்கும் சிகிச்சை தேவை. நல்ல பலன் தரும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம். கிளம்பும் முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

மகன் தேறிவிட்டான். எனக்குத்தான் குக்கர் சத்தம் கேட்டாலும் மானிட்டர் அலறுவது போல நெஞ்சு படபடக்கிறது. (காட்பாடி)

இது உங்கள் பலவீனம் இல்லை, அம்மா. ஐ.சி.யூ. வாசலில் காத்திருந்த பெற்றோர் பலருக்கும் இதே அதிர்ச்சி வருகிறது. பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். அவனை அடுத்த முறை காட்டப் போகும்போது உங்கள் பெயருக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போடுங்கள்.