பயண பிளான் வாட்ஸ்அப் குரூப் பம்பலுக்குள்ள அமுங்கிப் போகுதா?

நிலாவெளிப் புறாத்தீவு போட் நேரம் போட்ட மெசேஜைப் பின் (pin) பண்ணி விடுங்கோ, பிறகு அவங்கள் கொத்தா பரோட்டாவா எண்டு விடியவிடிய அலட்டினாலும் அது மேலேயே நிக்கும். மெசேஜை அமத்திப் பிடிச்சா மூண்டு புள்ளிக்குள்ள பின் இருக்கு, 24 மணித்தியாலமா 7 நாளா 30 நாளா எண்டு கேக்கும், நீங்க போறது அடுத்த மாசம் எண்டபடியா 30ஐக் குடுங்கோ.

பின் பண்ண விடேல்லையா? அனேகமா அட்மின் பூட்டி வச்சிருப்பார். குரூப் படத்தை மாத்திப் பாருங்கோ, அதுவும் ஏலாட்டி அதேதான் காரணம், ஆளைப் பிடிச்சுத் திறக்கச் சொல்லுங்கோ.

ஆனா பின் பண்ணினா எல்லாரும் வாசிப்பாங்கள் எண்டு நம்பாதேங்கோ, ஆர் வாறது எண்டு கேட்டு ஒரு வாக்கெடுப்பும் (poll) போடுங்கோ. நவம்பருக்குத் தள்ளிப் போட விடாதேங்கோ, வாடைக்கு நிலாவெளிக் கடல் குழம்பிரும்.