டிரெசர் பதில்கள்: கிருமி போச்சு, அசதி போகலையே!

கேள்வி: ஐயா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம். என் மகனுக்கு 31 வயது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் வேலை பார்த்தவன். அங்கே காட்டுப் பாதையில் நடக்கப் போனபோது உண்ணி கடித்து, தொடையில் வட்டமாகச் சிவந்து காய்ச்சல் வந்தது. லைம் நோய் என்று சொல்லி டாக்சிசைக்லின் என்கிற கிருமிக்கொல்லி மாத்திரை 21 நாள் கொடுத்தார்கள். ஒரு வேளை விடாமல் சாப்பிட்டான். காய்ச்சல் நின்றது. ஆனால் ஒன்பது மாசமாகியும் அசதி, மூட்டு வலி, மறதி. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டான். பல் விளக்கிவிட்டு மறுபடி படுக்கிறான். அவன் அப்பா "சோம்பேறி" என்கிறார். இவனோ இண்டர்நெட்டைப் பார்த்து ஆறு மாசம் கிருமிக்கொல்லி ஊசி போட வேண்டும் என்கிறான். பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், விற்கிற மூட்டு வலி காப்ஸ்யூலை வாங்கிக் கொடு என்கிறாள் நாத்தனார். நான் யார் பேச்சைக் கேட்பது? இன்னொன்றும் கேட்க வேண்டும். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். இது ஒட்டிக்கொள்ளுமா?
(பெயர் வேண்டாம், ஒரு தாய்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: ஒட்டாது அம்மா. தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், குடும்பம் நடத்தினால் பரவுகிற நோய் இல்லை இது. உண்ணி கடித்துத்தான் வரும். பெண் பார்ப்பதைத் தள்ளிப் போடுவதென்றால் பையனுக்குத் தெம்பு வரட்டும் என்று தள்ளிப் போடுங்கள், வேறு பயம் வேண்டாம்.

அடுத்து, இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். தம்பி, நான் 1971-ல் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, நுழைந்தவன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராமல் லயத்தில் படுத்திருக்கும் ஆளைப் போய்ப் பார்த்து, நிஜ நோயா நடிப்பா என்று சீட்டு எழுதுவதும் என் வேலைதான். நடிக்கிறவன் சம்பள நாளன்று எழுந்துவிடுவான். கை நிறையச் சம்பாதித்த வேலையை உதறிவிட்டு வந்து ஒன்பது மாசம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க யாருக்கும் ஆசை இருக்காது. 1996-ல் எனக்கு டிங்கி கண்டது. ஆறு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் இரண்டு மாசம் ஆஸ்பத்திரியின் ஐந்து படி ஏறினால் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "டிரெசருக்கே மருந்து இல்லையா?" என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சிரித்தார். டிங்கி வேறு, லைம் வேறு. ஆனால் காய்ச்சல் போன பிறகும் உடம்பு திரும்பாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அம்மா, இந்த நோயை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்ததே உங்களைப் போன்ற தாய்மார்கள்தான். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்று ஒரு சின்ன ஊர். 1975 வாக்கில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீங்கியது. பாலி மரே என்கிற தாய், டாக்டர்கள் தட்டிக் கழித்தபோதும் விடாமல் குறித்து வைத்து சுகாதாரத் துறைக்குச் சொன்னார். ஊர்ப் பெயரே நோய்ப் பெயரானது. 1981-ல் வில்லி பர்க்டார்ஃபர் என்கிற ஆராய்ச்சியாளர் உண்ணியின் வயிற்றில் திருகாணி மாதிரிக் கிருமியைக் கண்டுபிடித்தார். கிருமிக்கு அவர் பெயரே வைத்தார்கள்.

உங்கள் மகன் சாப்பிட்டது சரியான மருந்து, சரியான நாள் கணக்கு. பெரும்பாலோருக்கு அத்தோடு தீர்ந்துவிடும். நூற்றில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு மட்டும் அசதி, உடம்பு வலி, மூளை மந்தம் ஆறு மாசத்துக்கு மேல் நீடிக்கிறது. ஊரில் இதை 'நாள்பட்ட லைம்' என்கிறார்கள். டாக்டர்கள் 'சிகிச்சைக்குப் பிந்திய லைம் தொகுப்பு' என்பார்கள். கிருமி மிச்சம் இருக்கிறதா, கிருமியோடு சண்டை போட்ட உடம்பு அடங்காமல் கிடக்கிறதா என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை.

ஊசி விஷயத்தில் மட்டும் தீர்ப்பு தெளிவு. 2001-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட 129 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு ஒரு மாசம் நரம்பு வழியே கிருமிக்கொல்லி ஊசி, பின்னே இரண்டு மாசம் டாக்சிசைக்லின். மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி, வெறும் மாத்திரை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். 2016-ல் நெதர்லாந்தில் 280 பேரை வைத்துப் பன்னிரண்டு வார மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் கூடுதல் பலன் இல்லை. மாசக்கணக்கில் நரம்பில் குழாய் செருகி வைத்தால் அந்தக் குழாய் வழியே ரத்தத்தில் சீழ் பிடிக்கும். அப்படிச் செத்தவர்களும் உண்டு. பிள்ளையின் சேமிப்பை இதில் கொட்ட வேண்டாம். ரத்தத்தை மறுபடி மறுபடி சோதிப்பதும் வீண். கிருமி ஒழிந்த பிறகும் எதிர்ப்புப் பொருள் வருஷக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். தாளில் 'பாசிட்டிவ்' என்று இருப்பதால் கிருமி உயிரோடு இருக்கிறது என்று ஆகாது.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் அமெரிக்கத் தாள்களை எல்லாம் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். ஒரு வெள்ளிதான் பதிவுக் கட்டணம். எல்லாவற்றையும் லைம் தலையில் போட்டுவிடக் கூடாது. ரத்தச் சோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு எல்லாமே இதே அசதியைக் கொடுக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவன் என்றால் பி12-ஐக் கட்டாயம் பாருங்கள். ராத்திரி குறட்டை பலமா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறானா என்று நீங்களே ஒரு ராத்திரி கவனித்துச் சொல்லுங்கள். அது டாக்டருக்குப் பெரிய உதவி. முட்டி தொட்டால் சூடாக வீங்கியிருந்தாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, நெஞ்சு தாறுமாறாக அடித்து மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி. அது இந்தப் பத்தியில் தீர்கிற சங்கதி இல்லை.

அதற்கப்புறம்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வருகிறது. நீங்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவரோ என்னவோ, உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் வெட்டியிருப்பார்கள். ஒரு மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவதுதான் முறை. பால் நன்றாக வருகிறதே என்று ஆசைப்பட்டுத் தினமும் கத்தி வைத்தால் பட்டை காய்ந்துவிடும். அப்புறம் எவ்வளவு கீறினாலும் சொட்டு வராது, மாசக்கணக்கில் மரத்தைச் சும்மா விட வேண்டியதுதான். உங்கள் மகன் செய்வதும் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தால் கார் கழுவி, புல் வெட்டி, நண்பனைப் பார்க்க ஈப்போ வரை போய்விட்டு வருவான். மறுநாளும் அதற்கு மறுநாளும் படுக்கை. சரிதானே?

கடையில் கடன் எழுதுகிற 555 நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். இரண்டு வாரம் எழுதட்டும். என்ன செய்தான், எத்தனை நிமிஷம், மறுநாள் உடம்பு எப்படி. அடி விழுவது பெரும்பாலும் அன்றைக்கு இல்லை, அடுத்த நாள்தான். அதனால்தான் எழுதாமல் பிடிபடாது. இருபது நிமிஷ நடையில் விழுகிறான் என்றால் பன்னிரண்டு நிமிஷத்தில் நிறுத்தட்டும். களைத்த பிறகு உட்காருவது பிந்தி. களைப்பதற்கு முன்னே உட்கார வேண்டும். நல்ல நாளிலும் அதே பன்னிரண்டுதான், இதில்தான் வாலிபப் பிள்ளைகள் கோட்டை விடுவார்கள். இரண்டு மூன்று வாரம் விழாமல் தாண்டினால் இரண்டு நிமிஷம் கூட்டலாம். காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறும் முன், திடலைச் சுற்றி நடக்கலாம். 'வியர்க்க வியர்க்க ஓடினால் சரியாகும்' என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடட்டும். தசை விறைப்புக்கு இயன்மருத்துவரிடம் கிளினிக்கிலிருந்தே கடிதம் வாங்கலாம். அவரிடம் அந்த 555-ஐக் காட்டினால் போதும், பாதி வேலை முடிந்தது.

தூக்கத்துக்கு மாத்திரை தேடும் முன் எழுகிற நேரத்தைக் கட்டுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரம். மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். மத்தியானத்துக்குப் பிறகு கோப்பி, தே கூடாது. ராத்திரியில் அவன் கைப்பேசியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 31 வயதுப் பையனிடம் போய் வாங்குவதா என்று யோசிப்பீர்கள். கேட்டுப் பாருங்கள், அம்மா கேட்டால் சில சமயம் கொடுப்பார்கள்.

வலிக்கு பனடோல் (பாராசிட்டமால்) போடலாம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகவே கூடாது. சளி மாத்திரையிலும் அதே மருந்து ஒளிந்திருக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஐபுப்ரோஃபன் வகை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும், டாக்டரைக் கேட்காமல் தொடர்ந்து போட வேண்டாம். எரிச்சலும் குத்தலும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தால் அமிட்ரிப்டிலின் என்று ஒரு பழைய மாத்திரை இருக்கிறது. மனச் சோர்வுக்குக் கொடுப்பதை விடக் குறைந்த அளவில், 10 மில்லிகிராமில் தொடங்கி, நரம்பு வலிக்குக் கொடுப்பார்கள். வாய் காயும், காலையில் மந்தமாக இருக்கும். டாக்டர் எழுதினால் மட்டும். அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு "என்னைப் பைத்தியம் என்கிறார்கள்" என்று அவன் கோபித்துக்கொண்டால் மேலே எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். மனநல ஆலோசகரிடம் அனுப்பினாலும் அப்படித்தான். வலி மனசில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பது மாசம் வலியோடு கிடந்தால் மனசும் சேர்ந்து நொந்துபோகும், அதற்கும் மருந்து வேண்டாமா?

மறதிக்கு: ஒரு நேரத்தில் ஒரு வேலை, எல்லாவற்றுக்கும் அலாரம், சாவிக்கு ஒரே ஆணி.

இனி நாத்தனாரின் காப்ஸ்யூல். என் அக்காவுக்கு முட்டி வலி. பசார் மாலாமில் ஒரு ஆள் விற்ற 'மூலிகை' காப்ஸ்யூலை வாங்கிப் போட்டாள். மூன்றாம் நாள் மாடிப்படி ஏறினாள். "டிரெசர் தம்பி இருந்து என்ன, இந்த ஆள்தான் வைத்தியன்" என்று தெருவெல்லாம் சொன்னாள். நாலு மாசத்தில் முகம் பௌர்ணமி மாதிரி உப்பியது, சர்க்கரை ஏறியது, கை தட்டினால் நீலம் பாய்ந்தது. உள்ளே டெக்சாமெதசோன். ஸ்டீராய்டு. நம் நாட்டில் இப்படிக் கலந்த ஜாமு என்கிற மூலிகை மருந்தையும் காப்ஸ்யூலையும் சுகாதார அமைச்சு பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது. டப்பாவில் 'எம்.ஏ.எல்.' (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்தென்றால் கடைசியில் 'டி' (T) என்ற எழுத்து வரும். எண் இல்லாததைத் தொடாதீர்கள். ஏற்கெனவே வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டான் என்றால் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். உடம்பு தானே ஸ்டீராய்டைச் சுரப்பதை மறந்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழுவான். டப்பாவோடு டாக்டரிடம் போங்கள். அக்காவை அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள்.

நீங்கள் வைக்கிற மிளகு ரசத்தையும் இஞ்சித் தேநீரையும் நான் தடுக்கவில்லை. வெந்நீர் ஒத்தடமும் நல்லது. சாப்பாட்டில் போடுகிற மஞ்சளுக்குப் பயமில்லை. அதையே காப்ஸ்யூலாக்கி அள்ளிப் போடுவதாக இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடட்டும்.

எவ்வளவு நாளாகும் என்று கேட்பீர்கள். பலருக்கு மாசக்கணக்கில் மெல்லத் தேறுகிறது. தேதி சொல்ல என்னால் முடியாது.

கேள்வி: டிரெசர் ஐயா, நான் செம்பனையில் குலை அறுக்கிறேன். எங்கள் நாய்க்கு மேலெல்லாம் உண்ணி. பேரன் அதோடுதான் புரள்கிறான். டிவியில் லைம் நோய் பற்றிச் சொன்னார்கள். எங்களுக்கும் வருமா? அட்டை கடித்தாலும் வருமா?
(பாடாங் செராய் வாசகர்)

பதில்: அட்டையால் வராது ஐயா. நம் நாய்களில் ஒட்டுகிற பழுப்பு உண்ணி லைம் பரப்புகிற ஜாதி இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதைப் பரப்புவது இக்ஸோடெஸ் என்கிற வேறு இனம். அதற்காக நாயை அப்படியே விடாதீர்கள், மிருக வைத்தியரிடம் மருந்து வாங்கித் தடவுங்கள்.

செம்பனைக்காரர் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. புல்லிலும் புதரிலும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி இருக்கிறது. அது கடித்தால் 'ஸ்க்ரப் டைபஸ்' காய்ச்சல் வரும். 1948-ல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில்தான் குளோராம்பெனிகால் இதைத் தீர்க்கும் என்று அமெரிக்கக் குழுவும் நம்மவர்களும் சேர்ந்து காட்டினார்கள். இப்போது பெரும்பாலும் டாக்சிசைக்லின். ஆறேழு நாள் விடாத காய்ச்சல், தலைவலி, அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டது மாதிரி கறுப்புப் பொருக்கு இருந்தால் டாக்டரிடம் "நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். பொருக்கு வலிக்காது, ஆளுக்கே தெரியாது. நான் பாதிப் பேருக்குச் சட்டையைக் கழற்றச் சொல்லித்தான் கண்டுபிடித்திருக்கிறேன். எலி மூத்திரக் காய்ச்சலும் தோட்டத்தில் உண்டு, அதைப் பற்றி அடுத்த இதழில்.

பேரன் மேல் உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், சிகரெட் நெருப்பு, தைலம் எதுவும் வேண்டாம். எரிச்சல்பட்ட உண்ணி வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கும். மெல்லிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டி அதன் வாய்ப் பக்கத்தைப் பிடித்து, முறுக்காமல், நேர் மேலே நிதானமாக இழுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, தேதியை நாள்காட்டியில் எழுதி வையுங்கள்.