மார்த்தாண்டம் தேன் கடையின் வெப்சைட் கூகுளில் வர என்ன செய்யலாம்?

மார்த்தாண்டத்தில் தேன் விற்கிறீர்கள், வெப்சைட் போட்டும் கூகுளில் தலைகாட்டவில்லை என்கிறீர்கள். முதலில் கூகுள் சர்ச் கன்சோலில் (சைட் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சேவை) சைட்டைச் சேர்த்து சைட்மேப் (சைட்டில் உள்ள பக்கங்களின் பட்டியல்) கொடுங்கள், இலவசம்தான். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய சைட் என்றால், தேடுபொறிகளைத் தடுக்கும் டிக் செட்டிங்ஸில் கிடக்கிறதா என்று பாருங்கள். சைட் கட்டும்போது போட்டுவிட்டு எடுக்க மறந்துவிடுவார்கள்.

அப்புறம் கூகுள் முடிவுகளில் தெரியும் பக்கத் தலைப்பு. வெறும் 'முகப்பு' என்று இருந்தால் யாருக்கு என்ன தெரியும்? 'மார்த்தாண்டம் தேன்: 1 கிலோ, அரை கிலோ பாட்டில் விலை' என்று வையுங்கள். வாடிக்கையாளர் போனில் கேட்பதெல்லாம் சைட்டில் இருக்கட்டும்: ரப்பர் தோட்டத் தேனா, உறைந்தால் கலப்படமா, நாகர்கோவிலுக்கு அனுப்புவீர்களா. (நல்ல தேனும் உறையும், அதையே தனிப் பக்கமாக எழுதலாம்.) கூகுள் மேப்பிலும் கடையைப் பதிந்துவிடுங்கள். 'ஒரே வாரத்தில் முதலிடம்' என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும்.