வெளிநாட்டு ரோட்டில் நடக்கப் போகிறவர்களுக்கு: ஒரு பஸ் டிரைவரின் பதில்கள்

பாரிஸ் புறநகரில் 22 வருஷம் பஸ் ஓட்டிவிட்டு இப்போது புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் நம்மூர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்.

லாஸ்பேட்டை அம்மா: மகள் பிரசவத்துக்காக முதல் தடவை பாரிஸ் போகிறேன் ஐயா. ரோட்டில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

வண்டிக்காரரை விட உங்கள் கழுத்துக்குத்தான் அம்மா. இங்கே ரோட்டில் இறங்கினால் முதல் வண்டி வலப்பக்கமிருந்து வரும். பிறந்ததிலிருந்து தலை தானாக அந்தப் பக்கம் திரும்பிப் பழகிவிட்டது. பிரான்சில் முதல் வண்டி இடப்பக்கமிருந்து வரும். பிரெஞ்சுத் தெருப்பலகை நமக்குப் புதிதில்லை, கழுத்துதான் பிரெஞ்சு படிக்கவில்லை. நம்மைப் போல இடப்பக்கம் வண்டி ஓடும் பிரிட்டனின் சர்ச்சிலே 1931 டிசம்பரில் நியூயார்க்கில் தப்பான பக்கம் பார்த்துக் கடந்து காரில் அடிபட்டவர்.

முதல் பத்து நாள் துணையோடு போங்கள். ஒருவழிப் பாதையில் எதிரே வரும் பைக்குக்குப் பயந்து இரண்டு பக்கமும் பார்ப்போமே, அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே பல ஒருவழித் தெருக்களில் சைக்கிள் எதிர்த்திசையில் வரச் சட்டமே இடம் கொடுக்கிறது. சத்தமும் வராது.

மஞ்சக்குப்பம் தம்பி: கையைக் காட்டிக்கொண்டே நடந்தால் நம்மூரில் வண்டி ஒதுங்கிப் போகும். அங்கே எடுபடுமா அண்ணே?

எடுபடாது தம்பி. நம்ம கடலூர் லாரன்ஸ் ரோட்டில் பைக் ஓட்டுபவர் உங்கள் நடையைக் கணக்குப் போட்டு முதுகுப்பக்கமாக வளைத்துக்கொண்டு போவார். மெதுவாக வருவதால் அது நடக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்கச் சுமார் 25 மீட்டர் வேண்டும். நடுரோட்டில் ஆள் இருப்பார் என்று அங்கே ஓட்டுபவர் எதிர்பார்ப்பதும் இல்லை.

ஜீப்ரா கோட்டில் கதை வேறு. கடப்பவருக்கும், கடக்கப் போகிறார் என்று தெளிவாகத் தெரிகிறவருக்கும் நின்று வழிவிட்டே ஆக வேண்டும். விடாவிட்டால் 135 யூரோ அபராதம், லைசென்ஸில் இருக்கும் 12 புள்ளியில் 6 போய்விடும். அப்படியும் நிற்காதவர்கள் உண்டு. பஸ் சீட் உயரத்திலிருந்து பார்த்தால் பக்கத்துக் கார்களில் மடியில் போன் மின்னுவது தெரியும், எத்தனை பார்த்திருக்கிறேன்! அதனால் ஓட்டுபவரின் முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், சக்கரம் நின்றதா என்று பாருங்கள். இரண்டு தடம் இருந்தால் ஒரு கார் நின்றது போதாது. நின்ற கார் உங்களை மறைத்துவிடும், அடுத்த தடத்தில் வருபவர் கடைசி நொடியில்தான் உங்களைக் காண்பார். என் பஸ்ஸுக்கு முன்னால் கடந்தவர்கள் இப்படி மயிரிழையில் தப்பியதைப் பார்த்து நான் ஹாரனில் கை வைத்த நாட்கள் உண்டு.

வில்லியனூர்: பச்சை மனிதன் எரியும்போதுதான் கடந்தேன், கார் மேலே வந்துவிட்டது. சிக்னல் கெட்டிருக்குமா?

கெடவில்லை. அந்தத் தெருவுக்குள் திரும்பும் வண்டிக்கும் அதே நேரத்தில் பச்சை இருக்கலாம். உங்களுக்கு வழிவிட்ட பிறகுதான் அவர் திரும்ப வேண்டும். தப்பு அவருடையது, எலும்பு உங்களுடையது.

நெல்லிக்குப்பம்: என் தம்பி துபாயில் இருக்கிறான். பாலம் தூரமாம், எல்லோரும் குறுக்கேதான் போகிறார்களாம்.

போக வேண்டாம் என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். சும்மா குறுக்கே கடந்தாலே 400 திர்ஹாம் அபராதம். 2025 மார்ச் 29 முதல் புதுச் சட்டம் வேறு. 80 கிலோமீட்டரோ அதற்கு மேலோ வேக வரம்பு உள்ள சாலையில் அப்படிக் கடந்து விபத்து நடந்தால் சிறைவரைக்கும் போகும்.

அரியாங்குப்பம்: அப்பாவுக்கு 72 வயது. பிரான்சில் கார் இடித்துக் கால் முறிந்தது. அப்பா மேல்தான் தப்பு என்கிறார் கார்க்காரர்.

சொல்லட்டும். 1985 ஜூலை 5 தேதியிட்ட சட்டம், நடந்து போகிறவருக்கு ஏற்பட்ட காயத்துக்கு வண்டியின் காப்பீடு ஈடுகட்ட வேண்டும் என்கிறது. 70 வயதைத் தாண்டியவர் வேண்டுமென்றே போய் விழுந்தால் தவிர அந்த உரிமை போகாது. போலீஸ் அறிக்கையையும் முதல் மருத்துவச் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள். கார்க்காரர் நீட்டும் காகிதத்தில் புரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

முத்தியால்பேட்டை: ஊருக்குத் திரும்பியாச்சு. இப்போது நிம்மதியாக நடக்கிறீர்களா?

எங்கே! போன மாதம் புஸ்ஸி வீதியில் இடப்பக்கம் பார்த்துக்கொண்டே இறங்கி ஆட்டோக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலையில்தான் இந்தக் கழுத்துக்கு ஓய்வு.