கொலஸ்ட்ராலும் செல்சவ்வுப் புரதங்களும்: கேள்வி பதில்

கேள்வி: ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடினால் குழாய் அடைக்கிறது. இதில் செல்சவ்வுக்கு என்ன வேலை?

பதில்: நிறைய. கல்லீரல் செல்லின் சவ்வில் எல்.டி.எல். ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. எல்.டி.எல். என்பது ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் துகள். ஏற்பி அதைப் பிடித்து உள்ளே இறக்கிவிட்டு, சுமார் பத்து நிமிடத்தில் மேலே திரும்பிவிடும். உள்ளே கொலஸ்ட்ரால் போதுமென்றால் செல் புதிய ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். இதைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

தொல்லை மேக்ரோபேஜ் என்ற, கழிவுகளை விழுங்கும் வெள்ளணுவில். குழாய்ச் சுவரில் மாட்டி ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல்.லை அது சி.டி.36, எஸ்.ஆர்.-ஏ போன்ற வேறு புரதங்களால் எடுக்கிறது. இவற்றுக்குப் போதும் என்ற கணக்கே கிடையாது. செல் கொழுப்பால் நிரம்பி நுரைச் செல் ஆகிறது. படிவு அங்கேதான் ஆரம்பம்.

கேள்வி: என் எல்.டி.எல். 168. மாத்திரை வேண்டுமா?

பதில்: எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டாட்டின் மாத்திரை கொலஸ்ட்ரால் உற்பத்தியைத்தானே தடுக்கிறது? ஏற்பிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: நல்ல கேள்வி. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் செல் கூடுதல் ஏற்பிகளைச் சவ்வில் வைக்கிறது. ரத்தத்தில் எல்.டி.எல். இறங்குவது பெரும்பாலும் அதனால்தான். ஆனால் ஏற்பியை அழிவுக்கு அனுப்பும் பி.சி.எஸ்.கே.9 புரதமும் கூடவே ஏறும். மாத்திரை அளவை இரட்டிப்பாக்கினாலும் எல்.டி.எல். மேலும் 6 சதவீதம் அளவுக்கே குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். பி.சி.எஸ்.கே.9ஐத் தடுக்கும் ஊசிகள் வந்தது இதனால்தான். அப்புறம், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எனக்கு எச்.டி.எல். 90. கவலை இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அதென்ன? எச்.டி.எல். நல்ல கொலஸ்ட்ரால் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்!

பதில்: சொல்கிறார்கள், சரி. எச்.டி.எல். என்பதும் ஒரு துகள்தான். அது கொண்டுவரும் கொலஸ்ட்ராலைக் கல்லீரல் எஸ்.ஆர்.-பி.1 என்ற சவ்வுப் புரதத்தால் வாங்குகிறது. அந்தப் புரதம் பழுதான சிலருக்கு எச்.டி.எல். வானளவு இருந்தும் இதயநோய் ஆபத்து கூடுதலாக இருந்ததை 2016இல் காட்டினார்கள். சரக்கு இறங்காமல் தேங்கிய லாரிகள் அவை. எச்.டி.எல்.லை ஏற்றிய டார்செட்ராபிப் மருந்தின் சோதனையில் இறப்புகள் கூடியதால் 2006இல் அதை நிறுத்தினார்கள்.

கேள்வி: அப்படியானால் எச்.டி.எல். குறைவாக இருப்பது நல்லதா?

பதில்: நான் அப்படிச் சொல்லவே இல்லை! மேக்ரோபேஜ் கொலஸ்ட்ராலை வெளியே தள்ளி எச்.டி.எல்.லில் ஏற்ற ஏ.பி.சி.ஏ.1 என்ற சவ்வுப் புரதம் வேண்டும். அது இல்லாத டான்ஜியர் என்ற பரம்பரை நோயில் எச்.டி.எல். கிட்டத்தட்ட இல்லை, கொழுப்பேறிய டான்சில் ஆரஞ்சு நிறமாகிவிடும். ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, கொலஸ்ட்ரால் எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் முக்கியம்.

கேள்வி: எல்.டி.எல். 142. மாத்திரை...

பதில்: 168க்குச் சொன்னதேதான்.

கேள்வி: அப்பாவுக்கு 42 வயதில் மாரடைப்பு. எனக்கு எல்.டி.எல். 230. உணவைக் குறைத்தால் போதுமா?

பதில்: போதாது என்றே நினைக்கிறேன். எல்.டி.எல். ஏற்பி மரபணு ஒன்று பழுதான பரம்பரை நோயாக இருக்கலாம். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரை நோய் உண்டு. தாமதிக்காமல் இதய மருத்துவரிடம் போங்கள், உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.